ஒல்லியான கிரிப் ஒரு ஜோடி

என் கை சின்னதில்லை. வண்டியின் அந்த கிரிப்தான் பருமன். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போயா இத்தனை நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தேன்?

இந்த நினைப்பு வந்தபோது அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு சிறுமி, அம்மாவின் மடியில். நரம்பு எழும்புவதற்காகக் கையில் பிடித்து அமுக்கச் சொல்லி ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தாள். சிறுமி முக்கி முக்கி அமுக்கிப் பார்த்தாள். விரல்கள் பந்தில் பாதியைக்கூடச் சுற்றவில்லை. எப்போதும் செய்வதுபோல அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து சின்னப் பந்தை எடுத்துக் கொடுத்தாள். இப்போது ஒரே அமுக்கு. முழங்கை மடிப்பில் பச்சைக் கோடு மேலே வந்தது.

ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து, அம்மாவையும் மகளையும் அனுப்பிய பிறகும் அவள் அந்தப் பெரிய பந்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ குழந்தைகளுக்குப் பந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். உன் கைக்குச் சாமர்த்தியம் போதாது, எழுந்து போ என்று ஒரு குழந்தையிடமாவது சொன்னதுண்டா? தன்னிடம் மட்டும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால்.

கூடத்தில் அவளுக்குக் கொசு என்று பெயர். குத்தியதே தெரியாமல் ரத்தத்தை எடுத்துவிடுகிறாள் என்று பொறுப்பாளர் அம்மா வைத்த பெயர். கவுண்டருக்கு வந்தது சமீபத்தில்தான். அதுவரை அவள் வேலை வீடுகளில். விடிந்தும் விடியாமலும் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பின்னால் கட்டிய குளிர்பெட்டியோடு, நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போவாள். தலை வாராமல், முகம் கழுவாமல், இன்னும் யாருக்காகவும் முகத்தைத் தயார் செய்துகொள்ளாமல் இருக்கும் மனிதர்கள் அவளிடம் கையை நீட்டுவார்கள். தலையணை மடிப்பின் தடம் கன்னத்தில் இருக்கும். வெறும் வயிற்றோடு இருப்பதால் குரலில் ஒரு குழந்தைத்தனம் இருக்கும். ஒருவரை அந்த நிலையில் பார்ப்பது அவளுக்கு ஒரு சலுகையாகவே தோன்றியது.

அதைவிடப் பிடித்தது இடையில் இருந்த தூரம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் அவள் யாருக்கும் எதுவும் இல்லை. யாரும் எதையும் கேட்க முடியாது. கியரை மாற்றும்போது காலடியில் கேட்கும் 'டக்'கென்ற சத்தம் மட்டும். ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளேன் என்று எல்லோரும் சொன்னபோதும் அவள் மசியாததற்குக் காரணம் அந்தச் சத்தம்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

வண்டிக் கைப்பிடியின் ரப்பர் உறையை, அந்த கிரிப்பை, மாற்றியவன் அவள் கணவன். "காலங்காத்தால ஓட்டற, கை மரத்துப்போயிடும் உனக்கு," என்று சொல்லி, இருந்த கிரிப்பைக் கழற்றிவிட்டு, கடையில் இருந்ததிலேயே பெரிய, பஞ்சுபோன்ற கிரிப்பை வாங்கிவந்து மாட்டினான். மாட்டிவிட்டுத் தன் கையால் பிடித்துப் பார்த்து, "சோபா மாதிரி இருக்குடி," என்றான். அவன் கையில் அது கச்சிதமாகத்தான் இருந்தது. அவள் பிடித்தபோது உள்ளங்கை பின்னுக்குத் தள்ளிப்போய், விரல் நுனிகள் மட்டும் கிளட்ச்சைத் தொட்டன. ஆசையாக வாங்கிவந்திருக்கிறான். நன்றாக இருக்கிறது என்றாள். பழகிவிடும் என்று நினைத்தாள். அன்பாகக் கொடுக்கப்பட்ட ஒன்றைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வந்ததே இல்லை. அது செருப்பாக இருந்தாலும் சரி, அபிப்பிராயமாக இருந்தாலும் சரி.

பழகவில்லை. ஒரு நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில், சிக்னலில் நின்று கிளம்பும்போது கிளட்ச் விரல் நுனியிலிருந்து நழுவியது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்து, பின்னால் உருண்டு, சாய்ந்தது. அவளுக்குச் சிராய்ப்புதான். குளிர்பெட்டி திறந்து ரத்தக் குப்பிகள் சாலையில் சிதறின. அவற்றில் சில உடைந்தன. அந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய், மன்னிக்கணும், இன்னொரு தடவை குத்த வேண்டியிருக்கு என்று நின்றதுதான் அவளால் மறக்க முடியாதது. ஒரு பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மறுகையை நீட்டினார். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. பொறுப்பாளர் அம்மா, "கொஞ்ச நாள் உள்ள இரும்மா," என்றார். வீட்டில், வண்டி அவளுக்கு அடங்காது என்று முடிவாயிற்று. பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனாரின் கணவர், அச்சகக்காரர், தினமும் இரண்டு பஸ் மாறி அச்சகத்துக்குப் போகிறார். அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று கணவன் சொன்னபோது அவள் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு.

பெரிய பந்தைக் கையில் வைத்திருந்த நாள் சனிக்கிழமை.

வேலை முடிந்து வரும் வழியில் உதிரிபாகக் கடைக்குப் போனாள்.

"கிரிப் ஒரு ஜோடி வேணும். இருக்கறதுலயே ஒல்லியா."

கடைக்காரர் அவளைத் தாண்டித் தெருவைப் பார்த்தார். "வண்டி யாருதும்மா? அவரை வரச் சொல்லுங்களேன்."

"அவர்தான் வந்திருக்கார்."

"எங்க?"

"உங்க முன்னாடிதான் நிக்கறேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டு ஏணியில் ஏறினார். "ஒல்லியெல்லாம் இப்ப யாரு கேக்கறாங்க? எல்லாரும் மெத்தை மெத்தையாத்தான் கேக்கறாங்க," என்று சொல்லிக்கொண்டே மேல் அடுக்கிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து, வாயால் தூசியை ஊதி, மேஜையில் வைத்தார். கறுப்பு ரப்பர், மெல்லிய வரிகள். அவள் ஒன்றைக் கையில் எடுத்து மூடினாள். கட்டைவிரல் நடுவிரலைத் தாண்டிப் போனது. கடையிலேயே அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் காலை, மாடிப்படிக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். திருப்புளி, ஒரு பிளேடு, பழைய துணி, ஸ்பிரிட் பாட்டில். ஸ்பிரிட் ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். இது அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ஸ்பிரிட் துடைத்த தோல் காய்வதற்குள் பிளாஸ்திரி ஒட்டினால் நகர்ந்துபோகும், காய்ந்த பிறகு ஒட்டினால் அசையாது. தினமும் பார்ப்பதுதான்.

ஹேண்டில்பாரின் இரண்டு நுனியிலும் இருந்த இரும்புக் குமிழ்களைத் திருகிக் கழற்றினாள். பஞ்சு கிரிப்பை பிளேடால் நீளவாக்கில் கீறினாள். கீறும்போது கை ஒரு கணம் தயங்கியது. சோபா மாதிரி இருக்குடி. அவன் குரல். பிறகு கீறினாள். தோலுரித்தாற்போல அது விரிந்து கையோடு வந்தது.

இடது பக்கம் முதலில். புது கிரிப்புக்குள் ஸ்பிரிட்டை ஊற்றிச் சுழற்றிவிட்டு, கம்பியில் செருகித் தள்ளினாள். கேட்க வேண்டியதே இல்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. இதற்கா மெக்கானிக்கிடம் போகிறார்கள் என்று அவளுக்கு ஒரு கர்வம்கூட வந்தது. வலது பக்கத்துக்கு வந்தாள். அதே ஸ்பிரிட், அதே தள்ளல். பாதி வழியில் நின்றுவிட்டது. எழுந்து நின்று நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, வியர்வையைத் துடைத்து, மறுபடி தள்ளப் போவதற்குள் உள்ளே ஸ்பிரிட் காய்ந்துவிட்டது. இப்போது முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

சந்தேகம் வந்து இடது கிரிப்பைப் பிடித்தாள். அது ஒட்டவே இல்லை. ராட்டினம்போலச் சுற்றியது.

அப்போதுதான் குனிந்து இரண்டு கம்பி நுனிகளையும் பார்த்தாள். இடது பக்கம் வெறும் இரும்பு. வலது பக்கம் இரும்பின்மேல் ஆக்சிலேட்டர் குழாய், அதனால் அது ஒரு சுற்று தடிமன். இரண்டு கிரிப்பும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் துளை ஒன்றல்ல. வலதுக்கு உரியதை இடதிலும், இடதுக்கு உரியதை வலதிலும் போட்டிருக்கிறாள். தினமும் மனிதர்களின் இரண்டு கைகளையும் பார்க்கிறவள். இந்தக் கையில் கிடைக்கிற நரம்பு அந்தக் கையில் கிடைக்காது என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவள். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். கணவன், கையில் காபி டம்ளரோடு.

"என்ன இது, ஆபரேஷன் தியேட்டரா?" கீழே கிடந்த பஞ்சு உறைகளைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "இதை ஏன் கிழிச்ச?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் வலது கிரிப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். "சுத்தம். மாட்டிக்கிச்சு. இனிமே இதையும் கிழிச்சாத்தான் வரும். கடை வேற இன்னிக்கு மூடியிருக்கும். மாமா வர நேரத்துல எதுக்கு இந்த வேலை உனக்கு?"

"கையில அடங்கலை."

"எது?"

"அது." கீழே கிடந்ததைக் காட்டினாள். "நீங்க வாங்கினது. கிளட்ச்சை முழுசாப் பிடிக்க முடியலை. அன்னிக்கு விழுந்தது அதனாலதான்."

அவன் டம்ளரைப் படியில் வைத்தான். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது."

அது உண்மைதான், ஆனால் முழு உண்மையல்ல. கைக்கு முதல் நாளே தெரியும். கைக்குத் தெரிந்ததை வாய்க்கு வரவிடாமல் நடுவில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அந்த யாரோவும் அவள்தான்.

"சரி விடு," என்றான் அவன், தணிந்து. "எப்படியும் மாமாதானே ஓட்டப்போறார். அவரே வந்து பாத்துக்குவார். கையைக் கழுவிட்டு மேல வா."

அவன் போனான். அவள் சாக்கில் உட்கார்ந்தபடியே பாதியில் நின்ற கிரிப்பைப் பார்த்தாள். பிளேடு பக்கத்திலேயே இருந்தது. கிழித்துவிட்டால் கதை முடிந்தது. வண்டி அச்சகத்துக்குப் போகும், அவள் கவுண்டருக்குப் போவாள். ரப்பரும் குழாயும் ஒட்டியிருந்த விளிம்பை நகத்தால் நெம்பினாள். மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்தபடியே இருந்தவள் சட்டென்று எழுந்தாள்.

மாடிக்கு ஓடி வேலைப் பையைத் தூக்கிவந்தாள். புது சிரிஞ்ச் ஒன்றைப் பிரித்தாள். நீளமான ஊசி. ஸ்பிரிட்டை உறிஞ்சிக்கொண்டு, ரப்பரின் விளிம்பை இடது கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, ஊசியைப் படுக்கைவாட்டில், குழாயை ஒட்டினாற்போல நுழைத்தாள். நரம்பு நழுவாமல் இருக்கத் தோலை இழுத்துப் பிடிக்கும் அதே பிடிதான். முரட்டுத்தனம் கூடாது, தயக்கமும் கூடாது. ஊசி உள்ளே போவதை விரலால் உணர்ந்து மெல்ல அழுத்தினாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு குத்து. வண்டியைச் சுற்றிக் கீழ்ப்பக்கம் ஒன்று. ரப்பருக்குள் ஈரம் பரவுவது மெலிதான ஊதலாகத் தெரிந்தது. பிடித்துத் திருகினாள்.

கிரிப் சுற்றியது.

"ஹா!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். இன்னொரு திருகு, ஓர் இழுப்பு. முழுதாக, ஒரு கீறலும் இல்லாமல் கைக்கு வந்துவிட்டது. மேல்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. திறக்கட்டும்.

அதற்கப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. ஒல்லித் துளை இடதுக்கு. இந்த முறை கொஞ்சம் அடம்பிடித்துத்தான் உள்ளே போனது. அந்த அடம் அவளுக்குப் பிடித்திருந்தது. அகலத் துளை வலதுக்கு. முழுக்கத் தள்ளிவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகி விட்டாள். அது திரும்பி வராமல் அப்படியே நின்றது. கிரிப் உள்பக்கம் ஸ்விட்சுப் பெட்டியோடு உரசுகிறது. ஈரம் காய்வதற்குள் நூலளவு வெளியே இழுத்தாள். மறுபடி திருகி விட்டாள். படக்கென்று தன்னிடத்துக்குத் திரும்பியது. இரும்புக் குமிழ்களை மாட்டி முடுக்கினாள். பிறகு காய வேண்டுமே என்று எதையும் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வண்டிக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மதியம் நாத்தனாரும் அச்சகக்காரரும் வந்தார்கள். அச்சகக்காரர் கையில் புது ஹெல்மெட். பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதை அவர் கைக்குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்ததைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

நாத்தனார் வண்டியைச் சுற்றிவந்தாள். "என்னடி, வண்டிக்கு வளையல் மாத்திருக்க? புகுந்த வீட்டுக்கு அனுப்பற மாதிரி?"

"அனுப்பறதுக்கு இல்ல அண்ணி. ஓட்டிப் பாக்கறதுக்கு."

"நீயா?" நாத்தனார் இடுப்பில் கைவைத்தாள். "அன்னிக்கு ரோட்டைக் கட்டிப்பிடிச்சுட்டு வந்தது போதாதா?"

"நீங்களும் வாங்களேன், பின்னாடி."

"நான் உக்காந்தா வண்டி எந்திரிக்குமா?"

"அக்கா, வேணாம்," என்றான் கணவன் மாடிப்படியிலிருந்து. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா மாமா என்னைச் சும்மா விடமாட்டார்."

"போகட்டும்பா," என்றார் அச்சகக்காரர். "எனக்கும் ஒரு நாள் நிம்மதியா இருக்கும்."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது நாத்தனாருக்கு. "குடுங்க இங்க," என்று ஹெல்மெட்டைப் பிடுங்கி, உறையைக் கிழித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். "ஓட்டுடி. பாத்துடலாம்."

அவள் இரண்டு கிரிப்பையும் பிடித்து முறுக்கிப் பார்த்தாள். கல்போல நின்றன. இடது கையை மூடினாள். விரல்கள் கிளட்ச்சைத் தாண்டி வளைந்து, உள்ளங்கையை நோக்கித் தாமாகவே வந்தன. அவ்வளவு எளிதாக இருந்தது. இத்தனை நாள் இந்த எளிமைதான் இல்லாமல் இருந்தது. முதல் கியர். டக்.

தெருமுனை, மருந்துக்கடை, பள்ளிக்கூடச் சுவர். பின்னால் நாத்தனார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தாள், ஒன்றும் புரியவில்லை. தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் பேச்சு நின்றது. மேட்டுக்குப் பாதியில் சிக்னல் சிவப்புக்கு மாறியது. அதே இடம். பின்னால் ஒரு லாரி வந்து நின்று உறுமியது. நாத்தனாரின் கை அவள் இடுப்பைக் கவ்விப் பிடித்தது.

"ஏய், பின்னாடி லாரிடி."

"தெரியும் அண்ணி."

"உருண்டுடாதே?"

"ஆடாம உக்காருங்க. சின்ன ஊசிதான்."

வேலையில் சொல்லும் வார்த்தை, தானாக வந்துவிட்டது. பச்சை விழுந்தது. கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கிளட்ச் பிடித்து வண்டி நகரத் தொடங்கும் அந்த ஒரு புள்ளி விரலுக்கு நடுவில் இருந்தது. நுனியில் அல்ல, நடுவில். பாதி விட்ட நிலையில் பிடித்து நிறுத்த முடிந்தது. பின்சக்கரம் நூலளவும் பின்னால் போகவில்லை. வலது கையை மெல்லத் திருகினாள். இரண்டு பேரையும் சுமந்துகொண்டு வண்டி மேட்டில் ஏறியது. ஒரு குலுக்கல் இல்லை. உச்சிக்கு வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. பின்னால் நாத்தனார் ஹெல்மெட்டுக்குள் கூவினாள், பயத்தில் அல்ல.

"இன்னொரு ரவுண்டு போடி!"

போனார்கள். அதே மேட்டில் இன்னொரு முறை ஏறினார்கள்.

திரும்பும் வழியில் தொட்டிக்குக் கீழே வண்டியை ஓரங்கட்டி, பொறுப்பாளர் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். "நாளைலேர்ந்து வீடுகளுக்கு நான் போறேம்மா."

"கொசு பறக்க ஆரம்பிச்சாச்சா? சரியா இருக்கியா நீ?"

"வண்டி சரியா இருக்கும்மா. நானும்தான்."

"அப்ப நாளைக்குக் காலையில மூணு வீடு. அந்தப் பெரியவர், உன்னைத்தான் கேட்டுட்டே இருக்கார்."

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினாள். நாத்தனார் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, "ஏங்க, மேட்டுல லாரியை முறைச்சுக்கிட்டு நின்னோம் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். அச்சகக்காரர் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கண் மட்டும் வண்டியிலேயே இருந்தது.

கணவன் அவள் பக்கத்தில் வந்தான். புது கிரிப்பைத் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் பெருமை இருந்தது. அதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நல்லா ஓட்டற. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா மாமா ஹெல்மெட்டெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கார். வாக்குக் குடுத்தாச்சு. இன்னிக்கு எடுத்துட்டுப் போகட்டும். உனக்குன்னு அப்புறமா சின்னதா ஏதாவது பாத்துக்கலாம். சாவியைக் குடு."

கையை நீட்டினான், உள்ளங்கை மேலே பார்க்க. இப்படி நீட்டப்படும் கைகளைத்தான் அவள் தினமும் பார்க்கிறாள். பழக்கத்தில் பார்வை மணிக்கட்டின் நரம்புக்குப் போயிற்று. நல்ல நரம்பு. நல்ல மனிதன்தான். அவன் வாங்கித்தந்த செருப்புகளும், அவளுக்காக அவன் எடுத்த முடிவுகளும் நினைவுக்கு வந்தன. எதற்கும் அவளிடம் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இல்லை என்று சொல்லக் கோபம் வேண்டியிருக்கும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"இல்லைங்க," என்றாள், ஊசி போடும்போது பேசும் அதே மெல்லிய குரலில். "காலையில எனக்கு மூணு வீடு இருக்கு."

சாவி அவள் கைக்குள் இருந்தது. விரல்கள் அதை முழுதாக மூடியிருந்தன. அவள் வேலைப் பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் இலை போட மாடிக்கு ஏறினாள்.